லிங்கனுக்கு உட்கார்ந்தவன்

தலையைக் கொஞ்சம் பின்னால சாச்சுக்கங்க சார். ஆங், அப்படித்தான். மதுரை பஸ்ஸு மூணே காலுக்குத்தான், ஆற அமரப் பண்ணிக்கலாம். நீங்க வந்ததுலேருந்து கண்ணாடியில அந்தப் படத்தையேதான் பாத்துக்கிட்டு இருக்கீங்க. எல்லாரும் அப்படித்தான் பாக்குறாங்க. கோட்டு இருக்கு, காலரு இருக்கு, நாற்காலி மேல ரெண்டு கை இருக்கு, மூஞ்சி மட்டும் இல்ல. இப்படி ஒரு படத்தை எவனாச்சும் கடையில மாட்டுவானான்னு தோணும். மாட்டினப்ப மூஞ்சி இருந்துச்சு சார். அது ஆப்ரகாம் லிங்கன். வெளிய போர்டுல லிங்கன் சலூன்னு எழுதிருக்கே, அதே ஆளுதான்.

இந்தப் படத்தால நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்ல. இதுக்காக ஒரு கொலை விழுந்துச்சு சார், இதே வாசல்ல. நேர்ல பாத்த சாட்சின்னு போலீசு என் பேரை எழுதிக்கிட்டுப் போயி மூணு வருசம் கோர்ட்டுக்கு அலைய விட்டாங்க. போன மாசம்தான் தீர்ப்பு. எல்லாரும் விடுதலை. அத்தோட என்னைய விட்டுச்சான்னு பாத்தா, போன வாரம் செத்தவன் பொண்டாட்டி வந்து வாசல்ல நின்னு ஒரு கேள்வி கேட்டுட்டுப் போனா. அதுலேருந்து எனக்குச் சோறு எறங்கல. நீங்க வெளியூரு, யாருக்கும் வேண்டினவரும் இல்ல, வேண்டாதவரும் இல்ல. கேட்டுட்டு நீங்களே நியாயம் சொல்லுங்க. இந்தச் சோலைராசு மேல என்ன தப்புன்னு.

நான் கை நீட்டுற ஆளே கிடையாது. ஊருல யாரை வேணாலும் கேட்டுப் பாருங்க.

எபனேசர்னு ஒரு டிராயிங் சாரு நம்ம ஹைஸ்கூல்ல இருந்தாரு. நாசரேத்துப் பக்கத்துக்காரரு. என்கிட்டத்தான் சவரம். ஆண்டு விழா மேடையில வைக்கன்னு இதை வரைஞ்சாரு. காடாத்துணியில ஆயில் பெயிண்டு. விழா முடிஞ்சதும் ஹெட்மாஸ்டரு, நம்ம நாட்டுத் தலைவருங்க படத்துக்கே செவுத்துல எடமில்ல, இது எதுக்குன்னு சாமான் ரூமுல போடச் சொல்லிட்டாரு. அப்புறம் சாருக்கு மாத்தல் வந்துச்சு. கெளம்புற அன்னிக்கு இதைத் தூக்கிக்கிட்டு நேரா இங்க வந்துட்டாரு. "சோலைராசு, அங்க கெடந்தா கரையான் தின்னுரும். உங்க கடையில இருந்தா நாலு பேரு பாப்பாங்க. அடிமைங்களை விடுதலை பண்ணின மனுசன்"னாரு. நாடகக் கொட்டகையில வச்சு அந்த ஆளைச் சுட்டுக் கொன்னுட்டாங்களாமே, அதையும் சொன்னாரு. நல்லது பண்ணினா அங்கயும் இதே கதிதான் போலன்னு ரெண்டு பேரும் சிரிச்சோம்.

எனக்குப் படம் புடிச்சுப் போச்சு. தாடி இருக்கு, மீசை இல்ல. அந்த மேல் ஒதட்டைப் பாத்தா, தொழில் தெரிஞ்ச கை எடுத்த மாதிரி அவ்வளவு சுத்தம். தெனம் காலையில கடை தொறந்ததும் முதல் வேலை, துணி வச்சு அந்த மூஞ்சியத் தொடைக்கிறதுதான்.

என்னைய விட எங்க பிரசிடெண்டுக்கு அதை ரொம்பப் புடிச்சது. சின்னக்காளை பிரசிடெண்டுன்னா இந்த வட்டாரத்துல தெரியாதவங்க இல்ல. மேலத்தெருக்காரரு. தெனம் காலையில நம்ம கடையிலதான் சவரம். உக்காருறதுக்கு முன்னால படத்தைப் பாத்து ஒரு கும்புடு போடுவாரு. "வணக்கம் தொரை"ம்பாரு. பாதி வெளாட்டு, பாதி நெசம். பஞ்சாயத்து எலெக்சன்ல ஜெயிச்ச அன்னிக்கு, தன் கழுத்துல கெடந்த மாலையைக் கழட்டி இந்தப் படத்துக்குப் போட்டாரு. ஊரே கை தட்டுச்சு. அப்பக் கூட யாருக்கும் எதுவும் தெரியாது சார். எனக்கும் தெரியாது.

காலனி ஆளுங்க இந்தக் கடைக்கு வர மாட்டாங்க. வரக் கூடாதுன்னு நான் எழுதியா போட்டிருக்கேன்? பழக்கம் அப்படி. எட்டு மைலு டவுனுக்குப் போயிப் பண்ணிக்குவாங்க. நான் அவுங்களுக்குப் பண்ணினா மேலத்தெரு ஆளுங்க வர மாட்டாங்க, அப்புறம் நான் எதைத் திங்கிறது? நான் மட்டும் என்ன ஒசத்தி. பிரசிடெண்டு வீட்டு விசேஷத்துல எனக்கு எலை மாட்டுக் கொட்டாய்ப் பக்கம்தான் விழும், அதுவும் எல்லாரும் சாப்பிட்டு ஏப்பம் விட்டதுக்கு அப்புறம். நான் கேட்டேனா? கேக்க மாட்டேன். நாலு பேரோட ஒத்துப் போனாத்தான் பொழைக்க முடியும்.

செத்தவன் பேரு இருளாண்டி. காலனிக்காரன், கெணறு வெட்டுற வேலை. தெனம் சைக்கிள்ள இந்த வழியாத்தான் போவான், வருவான். ஆறடிக்கு மேல ஒசரம். "ரெண்டு வருசமா படத்தையும் பாத்திருக்கீங்க, ஆளையும் பாத்திருக்கீங்க, ரெண்டும் ஒரே மூஞ்சின்னு உங்களுக்குத் தெரியலையா"ன்னு வக்கீல் கேட்டாரு. எப்படி சார் தெரியும்? எனக்கு மூஞ்சியெல்லாம் கையிலதான் தெரியும். கன்னத்தைப் புடிச்சாத்தான் இது இன்னார்னு மனசுல ஏறும். அந்த மூஞ்சிய நான் தொட்டதே இல்லையே. ஆனா அதைக் கோர்ட்டுல சொல்லலை. உங்ககிட்ட சொல்றேன்.

எம்ஜிஆர் செத்ததுக்கு மறு வருசம், பங்குனி மாசம். நல்ல உச்சி வெயிலு. அவன் பொண்டாட்டி பேச்சிக்கு அப்ப நெறமாசம். மாசமா இருக்கிற பொம்பளையோட புருசன் முடி வெட்ட மாட்டான், சவரம் பண்ண மாட்டான். நம்ம பக்கம் அது வழக்கம், உங்களுக்குத் தெரியாததா. அவனும் வளத்துக்கிட்டு இருந்தான். தாடியோட சேந்து மீசையும் அடர்ந்து ஒரு சொழட்டு சொழட்டி நின்னுச்சு. அன்னிக்கு வேலை நடந்த எடத்துலேருந்து, கடப்பாரையைச் சைக்கிள் பாருல கட்டிக்கிட்டு, எறங்கித் தள்ளாம மேலத்தெரு வழியா மிதிச்சுக்கிட்டே வந்துட்டான். அதுதான் அவன் பண்ணின தப்பு. பிரசிடெண்டோட தங்கச்சி மகனுங்க ரெண்டு பேரு தொரத்திக்கிட்டு வந்து, இந்தா இந்த வாசல்ல வச்சு மறிச்சுட்டாங்க. பிரசிடெண்டு அப்ப பக்கத்து டீக்கடையில இருந்தாரு.

"சாமி, அவளுக்கு வலி எடுத்திருச்சுன்னு ஆளு வந்துச்சு. நர்சம்மாவைக் கூப்பிடப் போறேன். அவசரத்துல மிதிச்சுட்டேன்"னான். மூத்தவன் கன்னத்துல ஒண்ணு விட்டான். சைக்கிளோட விழுந்தான். எளையவன் வயித்துல மிதிச்சான்.

பிரசிடெண்டு கையை ஒசத்தி நிறுத்துனாரு. நெசமா சொல்றேன், அவரு நிறுத்தினாரு. "வலி எடுத்தா எடுக்கட்டும். மீசைய முறுக்கிக்கிட்டுத் தெருவுல போறதுக்கும் வலிக்கும் என்னடா சம்மந்தம்? சோலைராசு, அதை எடு"ன்னாரு. மூத்தவன், "தாடியையும் சேத்து வழிக்கச் சொல்லுங்க மாமா"ன்னான். அதுக்கு அவரு சொன்னாரு: "வேணாம்டா. தாடி வயித்துப் பிள்ளைக்கு வளக்குறது. அதுல கை வச்சா அந்தப் பாவம் நம்மளச் சேரும். மீசை மட்டும் போதும்." பாத்தீங்களா, அவரும் ஒண்ணும் ஈரம் இல்லாத மனுசன் இல்ல. அந்தத் தாடியையும் அன்னிக்கு எடுத்திருந்தா ஒரு உசுரு தப்பிச்சிருக்கும்னு இப்பத் தோணுது. யாருக்குத் தெரியும் அப்ப.

இந்த நாற்காலியில உக்கார வைக்க முடியுமா. வாசல்ல மைல்கல்லு இருக்குல்ல, அது மேல உக்கார வச்சாங்க. ஆளுக்கு ஒரு கையைப் பின்னால முறுக்கிப் புடிச்சுக்கிட்டாங்க. கழிச்சுப் போட்ட கத்தி ஒண்ணு எங்கிட்ட இருந்துச்சு, அதை எடுத்தேன். சோப்பு போடலை, தண்ணிதான். மொட்டைக் கத்தி, அதுவும் அவன் ஒதடு நடுங்குது, ரெண்டு எடத்துல கீறிருச்சு. ரத்தம் வந்ததும் என் கை தன்னால படிகாரத்தைத் தேடுச்சு. பழக்க தோசம் சார். அப்புறம் நிறுத்திக்கிட்டேன்.

சவரம் பண்ண எடது கையால கன்னத்தைப் புடிக்கணும்ல. அன்னிக்குத்தான் முதமுதல்ல அந்த மூஞ்சியத் தொட்டேன். புடிச்ச ஒடனே கையில ஏதோ உறுத்துச்சு. இந்த எலும்பு எனக்குத் தெரியுமே, இந்தக் குழி தெரியுமே, தெனம் காலையில துணி வச்சுத் தொடைக்கிற எடமாச்சேன்னு. மீசை முழுசும் போனதும் ரத்தத்தை வழிச்சு விட்டுட்டு மோவாயை நிமித்திப் பாத்தேன். "அட, லிங்கன்"னு வாயில வந்துருச்சு.

வேணும்னு சொல்லலை சார். நான் வாயைத் தொறக்கலைன்னா அதுக்கு மேல அடி விழாம வீட்டுக்குப் போயிருப்பான்னு சொல்றாங்க, மீசை போச்சு, அத்தோட முடிஞ்சிருக்கும்கிறாங்க. நான் என்ன பொய்யா சொன்னேன்? கண்ணுல பட்டதைச் சொன்னேன். மெதுவாத்தான் சொன்னேன். டீக்கடையில ஒருத்தன் காதுல விழுந்துருச்சு. எந்திரிச்சு வந்து அவனைப் பாத்தான், கடைக்குள்ள படத்தைப் பாத்தான், திரும்ப அவனைப் பாத்தான். குபீர்னு சிரிச்சுட்டான். ஒருத்தன் சிரிச்சா பத்துப் பேரு சிரிப்பான்ல. "நம்ம பிரசிடெண்டு தெனம் கும்புட்டது இவனைத்தானாடா"ன்னு கூட்டத்துல எவனோ சொல்லிட்டான்.

பிரசிடெண்டு சிரிக்கலை. மெதுவா எந்திரிச்சு வந்தாரு. "ஏண்டா, அந்தப் படத்துல இருக்கிறது நீயா?"ன்னாரு.

இல்லைன்னு சொல்லியிருக்கலாம். எனக்கு ஒண்ணும் தெரியாது சாமின்னு சொல்லியிருக்கலாம். நானா இருந்தா அப்படித்தான் சொல்லியிருப்பேன். அவன், "ஆமா சாமி"ன்னான். "டிராயிங் சாருகிட்ட சின்னப் படம்தான் இருந்துச்சு. எலும்பு எப்படி இருக்கும்னு தெரியலை, நீ உக்காருன்னாரு. ஏழு ஞாயித்துக்கிழமை உக்காந்தேன். கோட்டு போட்டு விட்டாரு."

"எதுல உக்காந்த?"

"நாற்காலியில சாமி. ஹெட்மாஸ்டரு நாற்காலியில."

அந்தச் சைக்கிள்ள கட்டியிருந்த கடப்பாரையை அவுத்தது எளையவன். முதல் அடி முழங்காலுக்கு. ஒடஞ்ச சத்தம் எனக்குக் கேட்டுச்சு. மைல்கல்லுலேருந்து சரிஞ்சு விழுந்தவன், கையால ஊந்தி ஊந்தி ரோட்டைத் தாண்டப் பாத்தான். நர்சம்மா வீடு அந்தப் பக்கம்தான். மூத்தவன் ஊந்துற கை மேல ஏறி நின்னான். அப்புறம் பிரசிடெண்டே கடப்பாரையை வாங்கினாரு. எங்க அடிச்சாருன்னு சொல்லவா வேணும். மூஞ்சியிலதான். ஒரு தடவை, ரெண்டு தடவை இல்ல சார். அவன் சத்தம் நின்னதுக்கு அப்புறமும் அடிச்சாரு. மண்ணைக் குத்துற மாதிரி குத்தினாரு. வேட்டியெல்லாம் தெறிச்சிருந்துச்சு. டீக்கடையில ஒரு ஆளு இல்ல, எல்லாவனும் ஓடிட்டான். நான் ஓடலை. கடையை விட்டுட்டு எங்க ஓடுறது?

அப்புறம் கடப்பாரையைக் கீழ போட்டுட்டு என்னையப் பாத்தாரு. உள்ள கையைக் காட்டினாரு. "அதையும் எடு"ன்னாரு.

எடுத்தேன். எரிச்சுப் போட்டுறவான்னு கேட்டேன். வேணாம், மூஞ்சிய மட்டும் எடு, மிச்சம் தொங்கட்டும், பாக்குறவனுக்கு ஞாபகம் இருக்கட்டும்னாரு. அதான் இன்னிக்கு வரைக்கும் கழட்டாம வச்சிருக்கேன். நல்ல கத்தி எடுத்து, வாருல தீட்டி, தெனம் ஒரு ஆளுக்கு எடுக்கிற மாதிரியே எடுத்தேன். முதல்ல வலது கன்னம், அப்புறம் எடது, அப்புறம் மோவாய், கழுத்து. பெயிண்டு சுருள் சுருளா விழுந்துச்சு. கண்ணு ரெண்டையும் கடைசியில எடுத்தேன். வெளிய அவன் கெடக்கான், உள்ள நான் வேலை பாக்குறேன். அவரு இந்த நாற்காலியில உக்காந்து மேப்பார்வை பாத்தாரு. முடிஞ்சதும், எனக்கும் பண்ணி விடுன்னாரு. தெறிச்சதெல்லாம் கன்னத்துல காஞ்சு போயிருந்துச்சு. வெந்நி போட்டுத் தொடைச்சு எடுத்தேன்.

ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே இருளாண்டி போயிட்டான். அன்னிக்குச் சாயங்காலமே பேச்சிக்குப் பொட்டப்பிள்ளை பொறந்துச்சு.

கோர்ட்டுக்கு எபனேசர் சாரு வந்தாரு. எங்கயோ திருச்செந்தூர்ப் பக்கத்துலேருந்து, பாவம், தெனம் பஸ்ஸு மாறி மாறி. நான் வரைஞ்சது இருளாண்டியைத்தான், ஏழு வாரம் எனக்கு முன்னால உக்காந்திருந்தாருன்னு சொல்லி அழுதாரு. அவரு வெளியூர்க்காரரு, அழுதுட்டுப் போயிருவாரு. நான் இங்க இருக்கணும்ல. என்னையக் கூண்டுல ஏத்தினாங்க. செத்தவரைத் தெரியுமான்னாரு சர்க்கார் வக்கீலு. தெரியாதுங்க, காலனி ஆளுங்க மொகமெல்லாம் எனக்குப் பழக்கமில்லன்னேன். சம்பவத்தன்னிக்கு அவருக்கு மீசை எடுத்தீங்களான்னாரு. நான் காலனி ஆளுங்களுக்குச் சவரம் பண்றதில்லைங்கன்னேன். அது பொய்யா சார்? பண்றதில்லதான. ஜட்ஜய்யா ரெண்டு தடவை திருப்பிக் கேட்டாரு. அடிபட்டுக் கெடந்த ஆளு யாருன்னு அடையாளம் தெரியாது, அடிச்சது யாருன்னும் பாக்கலை, நான் உள்ள வேலையா இருந்தேன்னேன். உள்ள வேலையாத்தான இருந்தேன். கூட்டத்துல பேச்சி நின்னுக்கிட்டு இருந்தா. நான் அந்தப் பக்கம் பாக்கலை.

போன வாரம் வந்தா. படியேறலை, ரோட்டுலயே நின்னா. இடுப்புல அந்தப் பிள்ளை, மூணு வயசு.

"அண்ணே, அந்தப் படத்தைக் குடுங்க. பிள்ளை அப்பன் எப்படி இருப்பாருன்னு கேக்குது"ன்னா.

"மூஞ்சி இல்லாத படத்தை வச்சு என்ன பண்ணுவ தாயி. வேற போட்டோ இல்லையா?"ன்னேன்.

"அவுக போட்டோவே எடுத்ததில்லண்ணே. போலீசு எடுத்தது ஒண்ணு இருக்கு. அதைப் பிள்ளைக்குக் காட்டவா முடியும்?"

படத்தை எப்படிக் குடுக்க? பிரசிடெண்டு கேட்டா என்ன சொல்லுவேன். ஆனா எனக்கு மனசு கேக்கல சார். நானும் பிள்ளைகுட்டிக்காரன்தான. ஆறுதலாவாச்சும் இருக்கட்டுமேன்னு, படியில நின்னு சொன்னேன். நெத்தி அகலம், வலது பக்கம் ஒரு தழும்பு, கல்லு தெறிச்சிருக்கும்னு நெனைக்கிறேன். கன்னத்து எலும்பு இப்படி நல்லா ஏறி நிக்கும், கீழ ஒரு விரக்கடை பள்ளம். படத்துல வலது கன்னத்துல ஒரு மரு இருந்துச்சே, அது டிராயிங் சாரு லிங்கனுக்கு வச்சது, உன் புருசனுக்குக் கெடையாது. மோவாய் நடுவுல விரல் வச்சா லேசா குழியும். மேல் ஒதடு மெல்லிசு. தோலு வெயில்ல காஞ்சிருந்தாலும் காதுக்குக் கீழ அப்படி ஒரு மெது, பிள்ளைங்களுக்கு இருக்கிற மாதிரி. எல்லாத்தையும் சொன்னேன் சார். என் கைக்கு அவ்வளவும் ஞாபகம் இருக்கு. அவ கண்ணை மூடிக் கேட்டுக்கிட்டே இருந்தா. நான் நிறுத்துறப்ப எல்லாம், "இன்னும் சொல்லுங்கண்ணே"ன்னா. நான் சொல்லச் சொல்ல, பிள்ளை மூஞ்சிய ஒவ்வொரு எடமா தடவிப் பாத்தா.

எல்லாம் முடிஞ்சதும் கண்ணைத் தொறந்தா. அழுகலை, ஏசலை. அழுதிருந்தா நானும் அழுதிருப்பேன்.

"இவ்வளவு தெரியுதே அண்ணே. கோர்ட்டுல மூணு தடவை கேட்டாங்களே, அப்ப மட்டும் ஏன் ஆளையே தெரியாதுன்னீக?"

இதுதான் சார் அவ கேட்ட கேள்வி. நல்லது பண்ணப் போயி எனக்குக் கெடைச்ச பேரைப் பாத்தீங்களா. நான் அடிச்சேனா? கடப்பாரையைத் தொட்டேனா? இத்தனை பேரு பாத்துட்டு ஓடினானே, அவனுங்க வாசல்ல போயி அவ நிக்கலையே. இரக்கப்பட்டு வாயைத் தொறந்தவன்கிட்ட வந்துதான் கேக்கத் தோணுது. நீங்களே சொல்லுங்க, என் மேல என்ன...

என்ன சார், எந்திரிச்சுட்டீங்க? ஒரு பக்கம்தான ஆயிருக்கு. சோப்பு வழியுது பாருங்க, உக்காருங்க. சார், இப்படிப் பாதியில எந்திரிச்சு ரோட்டுல போனீங்கன்னா, பாக்குறவங்க என்னையப் பத்தி என்ன நெனைப்பாங்க?